ஆள் இறங்கிக் கழுவும் அண்டா

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் "ஒழுக்கம்" என்று சொன்னபோதெல்லாம் கடைசி வரிசையில் ஓர் அப்பா விரலை மடக்கிக்கொண்டே வந்தார். இரண்டு கை விரல்களும் தீர்ந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் சோப்பு. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன சோப்பு டப்பா இருக்கும். சுண்ணக்கட்டியைத் தொட்டால் கழுவுவார். நோட்டுப் புத்தகத்தைத் தொட்டால் கழுவுவார். பெற்றோர் யாராவது ஆர்வக்கோளாறில் கை கொடுத்துவிட்டால், சிரித்த முகம் மாறாமல் அப்படியே பின்வாங்கிப் போய்க் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்வார். மேலதிகாரிகளுக்குப் போடுவதற்கென்று இன்னொரு சோப்பு தனியாக வைத்திருக்கிறார், அது தேய்வதே இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள்.

"ஆகவே பெற்றோர்களே, இந்த ஆண்டு ஆறாம் வகுப்பின் கல்விச் சுற்றுலா அருவிக்கு அல்ல, பூங்காவுக்கு அல்ல," என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தினார் தலைமையாசிரியர். "சிறைச்சாலைக்கு!"

கைதட்டலுக்காகக் காத்திருந்தார். மின்விசிறி மட்டும் சடசடத்தது.

"ஜெயிலுக்கா? என் பையன் லிஃப்ட் கதவு மூடினாலே அழுவான் சார்," என்றார் ஓர் அம்மா.

"அழட்டும்மா! பயம்னு ஒண்ணு வேணும்ல? அது இல்லாமத்தான் இதுங்க இந்த ஆட்டம் ஆடுது," என்றார் பக்கத்தில் இருந்த அப்பா. அவருடைய செல்வப் புதல்வன் அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் மைக் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பேசாம மிருகக்காட்சி சாலைக்கே கூட்டிட்டுப் போயிடலாமே. அங்கயும் கம்பிதான். டாய்லெட் வசதி நல்லா இருக்கும்," என்றார் இன்னோர் அம்மா.

இப்படிச் சபை களைகட்டிக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்பு டீச்சர் எழுந்தார்.

"சார், நம்ம பிள்ளைங்க அவங்களைப் பாக்கும்போது அவங்களும் நம்ம பிள்ளைங்களைப் பாப்பாங்க. அவங்க வீட்லயும் இதே வயசுல பிள்ளை இருக்கும். அவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? புத்தி வரணும்னு ஒருத்தரைக் கூண்டுல நிக்க வச்சுக் காட்டுறது சரியாப் படலை எனக்கு."

"டீச்சரின் மென்மையான உள்ளத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்," என்றார் தலைமையாசிரியர். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு 'உட்காருங்க' என்று அர்த்தம். டீச்சர் உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது. தூங்கிய அப்பா விழித்துக்கொண்டு கை தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் டீச்சர் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். செருப்புக் கடையில் விற்பனை வேலை பார்ப்பவர். டீச்சரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொழில் பழக்கத்தில் அவருடைய காலைத்தான் பார்த்தார். அந்த அம்மாவின் மகளுக்குத்தான் வகுப்பில் ரேடியோ என்று பட்டப்பெயர்.

ரேடியோ என்றால் வாயை மூடாத ரேடியோ. தூக்கத்தில் மட்டும்தான் ஒலிபரப்பு நிற்கும் என்பார்கள்; அதையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. அந்த ஒலிபரப்பில் பாதி அவளுடைய அப்பாவைப் பற்றியது. அப்பா வெளியூரில் ஒரு பெரிய இடத்தில் சமையல்காரர். ஆயிரம் பேருக்குச் சமைப்பார். அங்கே இருக்கிற அண்டா எவ்வளவு பெரிசு என்றால், ஆளே உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். வகுப்பு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, "விட்டா அண்டாக்குள்ள பஸ்ஸே ஓடும்பா" என்று முடிவு கட்டியிருந்தது.

"நீங்க பேசினது நியாயம் டீச்சர்," என்றார் அந்த அம்மா. "ஆனா என் பொண்ணை மட்டும் எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடுங்க."

டீச்சருக்குப் புரியவில்லை. அந்த அம்மா கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே வந்தார்.

"அவ அப்பா அங்கதான் இருக்காரு. குடிச்சுட்டு வண்டி ஓட்டினாரு. ரோட்டோரமா நடந்து போன ஒருத்தர் செத்துட்டாரு. தப்பு இவரு பேர்லதான், நான் வக்காலத்து வாங்க வரலை. இவளுக்கும் எல்லாம் தெரியும். மாசாமாசம் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரை உக்கார வச்சிருப்பாங்க. நெஞ்சு வரைக்கும்தான் தெரியும், கீழ சுவரு. நாலு வருஷமா இவ பாக்குறது அரை அப்பாதான் டீச்சர். போன தடவை வெளிய வந்ததும் கேக்குறா, 'அம்மா, அப்பாவுக்குக் கால் இருக்குல்ல?'ன்னு."

டீச்சர் ஜன்னல் கொண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

"அந்த அண்டாவும் அவரு சொன்னதுதான். நம்மளைச் சிரிக்க வைக்கப் புளுகுறாரோன்னு இவளுக்கே சந்தேகம். ஒரு தடவை கண்ணால பாத்துட்டான்னா போதும். முழு அப்பாவையும், அந்த அண்டாவையும்."

"பாக்கட்டுமே. அதிகாரிங்ககிட்டச் சொல்லி..."

"சொன்னாக் காரியம் கெட்டுது. கைதிக்குச் சொந்தக்காரங்க யாரும் சுத்திப் பாக்க உள்ள வரக் கூடாதாம், விதி. தெரிஞ்சா கேட்லயே நிறுத்திடுவாங்க. அதோட வகுப்பு பூராவும் தெரிஞ்சிடும். அதனால உள்ள போனா யாரோ எவரோ மாதிரி நிக்கணும். அவர்கிட்டயும் சொல்லியாச்சு. சரின்னாரு."

"அவரு இருந்துடுவாரு. இவ வாயை மூடிட்டு இருப்பாளா?"

"அதான் டீச்சர் எனக்கும் பெரிய கவலை," என்றார் அந்த அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் டீச்சர் மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் எழுந்து எதிர்த்த அதே பயணத்துக்கு, மறுநாள் காலை, பேருந்து எத்தனை மணிக்கு என்று தலைமையாசிரியரிடம் தானாகப் போய்க் கேட்டார். தன் சொற்பொழிவின் வலிமை என்று தலைமையாசிரியர் அதை எடுத்துக்கொண்டார்.

பயண நாளன்று ரேடியோ பேருந்தில் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. "என்னடி, கரண்ட் போச்சா?" என்று பக்கத்தில் இருந்தவள் காதைத் திருகிப் பார்த்தாள். அப்போதும் சத்தம் வரவில்லை. டீச்சர் முன் இருக்கையிலிருந்து நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சிறையிலிருந்து முன்கூட்டியே ஓர் அறிவிப்பு வந்திருந்தது: உள்ளே இருப்பவர்களின் சீருடை வெள்ளை என்பதால் பார்வையாளர்கள் வெள்ளை உடுத்தி வர வேண்டாம். அதைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர் தலைமையாசிரியர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையோடு வந்து நின்றவரும் அவர்தான். விதி என்பது பிறருக்கு வாசித்துக் காட்டுவதற்கு என்று நினைத்து வாழ்ந்தவர்; அதற்காக அவரைக் குறை சொன்னால் பாதி உலகத்தைக் குறை சொல்ல வேண்டியிருக்கும்.

வாசலில் இறங்கியதும் பிள்ளைகள் கப்சிப் ஆனார்கள். யாரும் அதட்டவில்லை. சுவர்தான் அதட்டியது. கழுத்தை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் முடிவு தெரியாத சுவர். அதன் நிழல் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் விழுந்திருந்தது. பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. அதற்குள் குனிந்து நுழைந்தால் வெளிச்சம் குறைந்த ஓர் இடைகழி. அதன் மறுமுனையில் இன்னொரு பெரிய கதவு. பின்னால் இருப்பது பூட்டிய பிறகுதான் முன்னால் இருப்பது திறக்கும். பின்கதவு சாத்தியபோது எழுந்த ஓசை காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்ற அந்தக் கணத்தில் உலகத்தில் எங்கேயும் இல்லாதது போல் இருந்தது டீச்சருக்கு. மைக் வயர் பிடுங்கியவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

அங்கே செல்பேசி, பை, அடையாள அட்டை எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நீள மீசைக் காவலர் ஒருவர் கேட்டார்: "உள்ள இருக்கிறவங்க யாருக்காச்சும் நீங்க சொந்தமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

டீச்சர் 'யாரும் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தார். வாழ்க்கையில் சொன்ன பொய்களை எல்லாம் கூட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

"என்ன கேள்வி இது!" தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் விசாரித்துத்தான் சேர்ப்போம்!"

அவரால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது அந்த விநாடிதான். ரேடியோ சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீசைக்காரர் ஒவ்வொருவர் புறங்கையிலும் ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை குத்தினார். "இது தினம் ஒரு மாதிரி மாறும். இதைக் காட்டினாத்தான் வெளிய விடுவோம். அழியாமப் பாத்துக்குங்க. அழிஞ்சிதுன்னா நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

தலைமையாசிரியர் அந்தக் கையை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தார், அது வேறு யாருடையதோ போல.

ஓர் இளம் காவலர் அழைத்துப் போனார். முற்றம், நூலகம், தறிக்கூடம். பிள்ளைகள் கண்ணை அகல விரித்து வந்தார்கள். அவர்களை வாயடைக்க வைத்தது கம்பியோ பூட்டோ இல்லை. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் யாரும் அவசரப்படவில்லை. தண்ணீர் பிடிக்கிறவர் வாளி நிரம்பும் வரை அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடியில் துணி உலர்த்துகிறவர் ஒவ்வொரு சுருக்கத்தையும் நீவிவிட்டார். "இவங்க யாருக்கும் லேட்டாகாதா டீச்சர்?" என்று ஒரு பெண் மெல்லக் கேட்டாள்.

பிறகு சமையற்கூடத்தின் கதவு திறந்தது.

முதலில் ஆவிதான் வந்தது. அது விலகியதும் "யம்மா!" என்று யாரோ கத்தினார்கள். மேடை மேல் வரிசையாக அண்டாக்கள். ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. பக்கத்தில் படிக்கட்டு. படியில் ஏறி நின்ற ஒருவர் படகுத் துடுப்பு போன்ற ஒரு மரக் கரண்டியால் உருளைக்கிழங்கைத் துழாவிக்கொண்டிருந்தார். கொதிக்கும் நீர் கடல் மாதிரி புரண்டது. சுவரில் சாய்த்திருந்த மூடிகளில் ஒன்றைக் கவிழ்த்தால் அதன் கீழ் மொத்த வகுப்பும் மழைக்கு ஒதுங்கலாம். மைக் வயர் பிடுங்கியவன் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அப்போ இப்படியும் அண்டா இருக்கத்தான் செய்கிறது!

ரேடியோ அண்டாவைப் பார்க்கவில்லை. அத்தனை முகங்களும் மேலே அண்ணாந்திருந்தபோது அவளுடைய முகம் மட்டும் தரையைப் பார்த்திருந்தது. டீச்சர் அந்தப் பார்வை போன வழியே போனார். அது ஒரு ஜோடிக் காலில் போய் நின்றது. தேய்ந்த ரப்பர் செருப்பு. ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். இடது பெருவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. அந்தக் கால்களுக்கு மேலே, வெள்ளைச் சீருடையில், தலையை ஒட்ட வாரி, அன்று காலையில்தான் மழித்த கன்னத்தோடு ஒரு மனிதர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர்தான் இங்க தலைமைச் சமையல்," என்றார் இளம் காவலர்.

"நல்லது. மிக நல்லது," என்று தலைமையாசிரியர் முன்னால் வந்தார். "பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு புத்திமதி சொல்ல வேண்டும். எங்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று ஆரம்பியுங்கள். உருக்கமாக இருக்கட்டும்."

"எனக்குப் பேச வராதுங்க," என்றார் அந்த மனிதர். தன் கையிலிருந்த கரண்டியைக் கொஞ்ச நேரம் துடைத்தார். "குடிச்சுட்டு வண்டி ஓட்டினேன். ஒருத்தர் உசிரு போச்சு. அவரு வீட்ல இன்னும் அவருக்குத் தட்டு எடுத்து வைக்கிறாங்களாம், கேள்விப்பட்டேன். அதுக்கு மேல புத்தி சொல்ல நான் யாரு? அண்டா வேணும்னாக் காட்டுறேன்."

தலைமையாசிரியருக்கு ஏமாற்றம். உருக்கம் போதவில்லை. பிள்ளைகளோ மூச்சு விடாமல் நின்றார்கள்.

ஒரு கை உயர்ந்தது. ஊதா முத்திரை குத்திய சின்னக் கை.

"இதை எப்படிக் கழுவுவீங்க?" என்று கேட்டாள் ரேடியோ.

அந்த மனிதர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். யாரோ எவரோ பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு செருப்பை இரண்டையும் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். மெதுவாக, ஒவ்வொரு மடிப்பையும் சரிசெய்துகொண்டு. இவ்வளவு நிதானமாக ஒருவர் கால்சட்டை சுருட்டி டீச்சர் பார்த்ததில்லை. இப்படி, அப்படித் திரும்பி நின்று, பாதம், கணுக்கால், முழங்கால் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, காலியாக இருந்த கடைசி அண்டாவின் படியில் ஏறி உள்ளே இறங்கினார். தலை மறைந்தது.

"இப்படித்தான்!" என்றது ஒரு குரல். அண்டாவுக்குள்ளிருந்து அது பத்து மடங்காகப் பெருகி வந்தது. சமையற்கூடமே பேசியது போல இருந்தது. பிள்ளைகள் சிலிர்த்துப்போய் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ரேடியோ அண்டாவின் அருகே போனாள். யாரும் தடுக்கவில்லை. "உள்ள பயமா இருக்காதா?" என்று அந்த வெள்ளி நிறச் சுவரிடம் கேட்டாள்.

"முதல்ல இருந்துச்சு. இப்பப் பழகிருச்சு."

"வெளிய எப்ப வருவீங்க?"

காவலர் சிரித்தார். கழுவி முடித்தால் வருவார் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்த மழைக்காலத்துக்குள்ள வந்துருவேன்."

இப்போது பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்ல யாரு இருக்கா?"

"சம்சாரம் இருக்கா. ஒரு பொண்ணு இருக்கா. ஓயாமப் பேசுவா."

"டேய், நம்ம ரேடியோ மாதிரிடா!" என்று மைக் வயர் பிடுங்கியவன் கத்தினான். வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்து ரேடியோ பக்கம் திரும்பியது. தலைமையாசிரியர்கூடச் சிரித்தார். டீச்சர் மட்டும் அவளையே பார்த்தார். இதோ, இப்போது அவள் முகம் காட்டிக் கொடுத்துவிடும். உதடு பிதுங்கும். அவ்வளவுதான்.

ரேடியோவும் சிரித்தாள். எல்லோரையும்விட ஒரு கணம் பிந்தித் தொடங்கி, ஒரு கணம் முந்தி நிறுத்தினாள். "அவ நல்லாப் படிப்பாளா?" என்று கேட்டாள்.

"கணக்குதான் வராது."

"இப்ப வந்துருக்கும்," என்றாள். உள்ளங்கையை அண்டாவின் மேல் அகல விரித்து வைத்தாள். உள்ளேயிருந்து யாரோ மெல்ல, ஒரே ஒரு முறை, அதே இடத்தில் தட்டினார்கள். டங் என்றது.

வகுப்பில் தினமும் 'வாயை மூடு' என்று தான் அதட்டுகிற பெண் இவள்தானா என்று டீச்சர் பார்த்தார். நடித்ததற்காக வெள்ளி விழா நடத்தி மாலை வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் இந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது.

அந்த மனிதர் வெளியே வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அண்டாவுக்குள் ஈரம் இருக்கத்தானே செய்யும்.

தலைமையாசிரியருக்குப் பெருந்தன்மை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு குற்றவாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினால் பிள்ளைகள் மனத்தில் தன்னைப் பற்றி என்ன எண்ணம் உண்டாகும் என்று கணக்குப் போட்டார். குலுக்கினார். "மனம் தளராதீர்கள்!" என்றார். பிறகு, அதே புன்னகையோடு, பின்வாங்கி, மூலையில் இருந்த குழாயடிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து டப்பா வெளியே வந்தது. விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு. நுரை ஊதா நிறத்தில் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. அழுக்கு போவதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும்.

மதிய மணி அடித்தது. எல்லாக் கைதிகளும் அவரவர் தொகுதிக்குத் திரும்ப, காவலர்கள் தலை எண்ணும் நேரம். அது முடியும் வரை காவலர் யாரும் வரிசையை விட்டு அசைய மாட்டார்கள். இளம் காவலர் இவர்களை இடைகழியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடினார். அங்கே மீசைக்காரர் இல்லை. அவர் முறை முடிந்து போயிருந்தார்; அந்த இடத்தில் ஒரு சாவிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தின் எடைக்கு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார் போலிருந்தது.

"கையைக் காட்டிட்டு ஒவ்வொருத்தரா வாங்க."

பிள்ளைகள் காட்டினார்கள். டீச்சர் காட்டினார். கடைசியாக ஒரு கை நீண்டது. சுத்தமான கை. பளபளவென்று, பிறந்த குழந்தையின் கை போல.

சாவிக்காரம்மா அந்தக் கையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். "எந்தத் தொகுதி?" என்றார்.

"நான் தலைமையாசிரியர்!"

"போன வாரம் ஒருத்தர் நீதிபதின்னார். அந்தப் பக்கம் போய் உக்காருங்க. எண்ணி முடிக்கட்டும், பாத்துக்கலாம்."

பக்கத்தில் ஒரு சின்னக் கம்பிக் கதவு அறை. தலைமையாசிரியர் விவாதித்தார், விவாதிக்கும்போதே எப்படியோ உள்ளே போய்விட்டிருந்தார். அந்த அம்மாவுக்கு அது கைவந்த கலை. கொண்டி விழுந்தது.

"இது அக்கிரமம்! என் அடையாள அட்டை அலமாரியில் இருக்கிறது!"

"அலமாரி சாவி பெரிய ஐயாகிட்ட. பெரிய ஐயா எண்ணுற இடத்துல."

பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்த எதுவும் இதற்கு ஈடில்லை. "டீச்சர்," என்று ஒருத்தி அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து ரகசியமாகக் கேட்டாள், "சார் என்ன தப்பு பண்ணாரு?"

"கை கழுவினாரும்மா," என்றார் டீச்சர்.

"எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" இது கம்பிக்கு உள்ளேயிருந்து. குரலில் இருந்த மேடை காணாமல் போயிருந்தது.

"சரியா வந்தா சீக்கிரம். ஒரு தலை கூடுதலா இருந்தா மறுபடி எண்ணுவாங்க. இன்னைக்கு நீங்க வேற இருக்கீங்க."

தலைமையாசிரியர் கம்பியைப் பிடித்தார். பிடித்த கையைப் பார்த்தார். அந்தக் கம்பியை இதற்கு முன் எத்தனை பேர் பிடித்திருப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் அங்கே இல்லை.

"அம்மா, அவர் எங்க தலைமையாசிரியர்தான். நான் சொல்றேனே," என்றார் டீச்சர்.

"பெரியவங்க சாட்சியை நம்பி ஒரு தடவை ஆள் மாத்தி விட்டுட்டேன் டீச்சரம்மா. இன்னும் அதுக்குத் திட்டு வாங்கிட்டிருக்கேன். பிள்ளைங்க இருந்தா பிள்ளைங்களைத்தான் கேப்பேன்." சாவிக்காரம்மா வரிசையை ஒரு நோட்டம் விட்டார். பார்வை ஓர் இடத்தில் நின்றது. "நீ வாம்மா."

ரேடியோ முன்னால் வந்தாள்.

"உன்னை எங்கயோ பாத்திருக்கேனே."

டீச்சர் அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். சமையற்கூடத்தில் தப்பித்தது எல்லாம் இந்த இடைகழியில் கொட்டப் போகிறது. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில்.

ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் அவளைப் பார்த்தார். சாவிக்கொத்து ஒரு தரம் குலுங்கி ஓய்ந்தது.

"சரி, அது கிடக்கட்டும்," என்றார் சாவிக்காரம்மா. "உள்ள நிக்கிறாரே, இவரு யாரு உனக்கு? தெரிஞ்சவரா, தெரியாதவரா? பாத்துச் சொல்லு. நீ சொல்றதை வச்சுத்தான் திறப்பேன்."

இப்படி ஒரு கேள்வியை அந்தப் பெண்ணிடம், அந்த நாளில், கேட்க வேண்டுமா! டீச்சர் அவளையே பார்த்தார். காலை முழுவதும் சொந்த மனுஷரைத் தெரியாது என்று நின்றவள். இப்போது ஒரு சொல் சொன்னால் ஒரு கதவு திறக்கும். ஆனால் அவள் திறக்க நினைத்த கதவு இது இல்லை. "எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட குடும்பம் கிடையாது" என்று முழங்கியவர் கம்பிக்குள்ளிருந்து, "சொல்லும்மா... சொல்லு கண்ணு," என்றார். அவருக்கு அவளுடைய பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

ரேடியோ அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கால் வரைக்கும்.

"தெரிஞ்சவருதான்," என்றாள். "எங்க ஹெட்மாஸ்டர். விட்ருங்க. வீட்ல தேடுவாங்க."

எங்கோ உள்ளே எண்ணுகிற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சருக்குச் சுவரின் உயரம், கதவின் கனம், அண்டாவின் ஆழம் எல்லாம் சின்னதாகிப் போன மாதிரி இருந்தது. அந்த இடைகழியில் உயரமாக இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

கொண்டி எழுந்தது. சாவிக்காரம்மா தலைமையாசிரியரின் சுத்தமான புறங்கையைப் பிடித்து, முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தினார். சின்னக் கதவைத் திறந்துவிட்டார். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறினார்கள். ரேடியோ தாண்டும்போது அந்த அம்மா, வேறு எங்கோ பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பாப்போம்." டீச்சர் காதில் அது விழுந்தது. ரேடியோ தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும் பேருந்தில் சொற்பொழிவு இல்லை. தலைமையாசிரியர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, முத்திரை குத்திய கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு வந்தார், யாராவது பறித்துவிடுவார்கள் என்பது போல. வழியில் சாப்பிட நிறுத்தியபோதும் அந்தக் கை தண்ணீர் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பார்த்தார்கள்: ஊதா வட்டம் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் அவருக்கு ஒரு புதுப் பட்டப்பெயரும் வந்தது. அதை இங்கே எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"சுற்றுலா குழந்தைகளுக்கு ஏற்றதுதானா? உங்கள் கருத்து என்ன டீச்சர்?" என்று அன்றைக்குப் பேருந்திலேயே மெல்லத் திரும்பிக் கேட்டார் தலைமையாசிரியர். கூட்டத்தில் எழுந்து பேசிய டீச்சரிடம் இப்போதும் அதே பதில் இருந்தது. அதோடு இன்னொரு பதிலும் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. "தெரியலை சார்," என்றார்.

பின்னால் கடைசி இருக்கையில் நெரிசல். மைக் வயர் பிடுங்கியவன் முன்னிருக்கை மேல் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தான். "உங்கப்பா வேலை பாக்குற இடத்துலயும் இதே சைஸ் அண்டாவா?"

"இதே சைஸ்தான்."

"உங்கப்பாவும் உள்ள இறங்குவாரா? நிஜமா?"

"பின்ன? செருப்பை ஓரமா வச்சுட்டு, கால்சட்டையை இப்படிச் சுருட்டிட்டு இறங்குவாரு," என்று ரேடியோ தன் காலை நீட்டிச் சுருட்டிக் காட்டினாள். "எங்கப்பா கால் எவ்ளோ பெரிசு தெரியுமா? எங்கம்மா கடையில அந்த அளவு செருப்பு எடுத்து வைக்கச் சொல்லணும். அப்புறம் இந்தப் பெருவிரல் நகம் இருக்குல்ல..."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் புளுகு என்று சொல்லவில்லை. வகுப்பே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தது. ஊர் வந்து சேரும் வரை ஒலிபரப்பு நிற்கவில்லை. முன் இருக்கையில் டீச்சர் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வாயை மூடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.